நின்று நின்று ஓடும் ஆட்டம்

அக்டோபர் 8, ஞாயிறு

இன்றும் டிவி மாப்பிள்ளை வசம். மத்தியானம் உட்கார்ந்தவர் இருட்டும்வரை அசையவில்லை. அமெரிக்கக் கால்பந்தாம். கோழிமுட்டையை இழுத்துவிட்ட மாதிரி ஒரு பந்து. அதை ஒருத்தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நாலடி ஓடுகிறான், அவன் மேல் ஒரு கூட்டமே விழுகிறது, விசில். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு வட்டமாக நின்று மாநாடு போடுகிறார்கள். அப்புறம் இன்னொரு நாலடி.

பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இத்தனை வருஷம் குப்பை கொட்டியவள் நான். என் டிரைவர் ஒருத்தன் நாலடி ஓட்டிவிட்டு வண்டியை நிறுத்தி கண்டக்டரோடு ஆலோசனை செய்தால் அன்றைக்கே மெமோதான். இங்கே அதற்குக் கை தட்டுகிறார்கள்.

இதில் பெரிய அக்கிரமம், கடிகாரத்தையே நிறுத்தி வைக்கிறார்கள். ஒரு மணி நேர ஆட்டம் மூன்று மணி நேரத்துக்கு மேல் இழுக்கிறது. நடுநடுவே கார் விளம்பரம், பற்பசை விளம்பரம்.

மகளும் மாப்பிள்ளையும் இருந்த வாடகை வீட்டில் குழாய் வெடித்துத் தரையெல்லாம் நாசமானதால் இங்கே வந்தார்கள். இரண்டே வாரம் என்றார்கள். மூன்றாவது மாதம் நடக்கிறது. இருக்கட்டும், மகள் வீட்டில் இருப்பது எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது. ஆனால் எட்டு வயதிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்து கால்பந்து பார்த்த பெண், இப்போது ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக் கொடுக்கிறாள். அந்த வெட்டி வேலையைப் பார்த்துக்கொண்டு!

அக்டோபர் 10, செவ்வாய்

மாப்பிள்ளை பல் டாக்டர். அந்த ஆட்டம் ஏன் பிடிக்கிறது என்று இன்றைக்குத்தான் உறைத்தது. அத்தனை பேர் மேலே விழுந்தால் எத்தனை பல் உடையும்! தொழில் பக்தி.

அக்டோபர் 14, சனி

இன்று நம்ம ஆட்டம், நிஜக் கால்பந்து. ரொம்ப நேரம் ஜீரோ-ஜீரோ. மாப்பிள்ளை பேப்பரை மடித்துக்கொண்டே, "இவ்வளவு நேரம் ஓடியும் ஒரு பாயின்ட்கூட வரலையே அத்தை. இதுல என்ன பரபரப்பு இருக்கு? எங்க ஆட்டத்துல ஒரு தடவை கோட்டைத் தாண்டினா ஆறு பாயின்ட்" என்றார்.

ஆறு! தள்ளுபடி விற்பனையா நடக்கிறது? கிடைக்காமல் கிடைக்கிற ஒன்றுக்குத்தான் மதிப்பு. ஜீரோ-ஜீரோவில்தான் அடிவயிறு பிசையும். எந்த நொடியிலும் நடக்கலாம், நடக்காமலும் போகலாம், கண்ணை எடுக்க முடியாது. இதையெல்லாம் அவருக்குச் சொல்லி என்ன பிரயோஜனம்? "உங்களுக்குப் புரியாது மாப்பிள்ளை" என்றேன். சிரித்தார். மனிதர் எதற்கும் கோபப்பட மாட்டார், அது இன்னும் எரிச்சல்.

கடைசிப் பத்து நிமிஷத்தில் மகள், "ம்மா, ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தாள். கையைக் காட்டி நிறுத்தினேன். நல்லவேளை. அடுத்த நிமிஷமே கோல்! நான் போட்ட கத்தலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. திரும்பினால் மகள் பக்கத்தில் இல்லை. எழுந்து போயிருக்கிறாள். அப்படி ஒரு கோலை விட்டுவிட்டாள். கல்யாணத்தோடு ரசனையும் போய்விட்டது போல.

அக்டோபர் 15, ஞாயிறு

சமையலறையில் இருந்தேன். கூடத்தில் இரண்டு பேரும் பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள், மறுபடி குசுகுசு. பேச இடம் கொடுக்கிற ஆட்டமெல்லாம் ஓர் ஆட்டமா? நான் போனதும் கப்சிப்.

என்னைப் பற்றியா?

அக்டோபர் 21, சனி

மகளுக்குத் தலைவலியாம், ஆட்டம் பார்க்க வரவில்லை. நாம் மூன்று, அவர்கள் ஒன்று. மூன்றாவது கோல் அவ்வளவு அழகு. யாரிடம் சொல்ல?

அக்டோபர் 29, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை.

இன்று வேண்டுமென்றே அவர்களோடு போய் உட்கார்ந்தேன், அந்த ஆட்டத்தின் லட்சணத்தை நேருக்கு நேர் சொல்லிக் காட்டலாம் என்று. இரண்டு பேர் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து மைதானத்தை அளந்தார்கள். "என்ன, பத்திரப் பதிவா?" என்றேன். மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. டிவியையே பார்த்துக்கொண்டு, "ம்மா, எனக்கு மாத்தல் வந்திருக்கு. வேற ஊரு. அடுத்த மாசம் சேரணும்" என்றாள்.

அதற்குள் ஆட்டம் ஓட ஆரம்பித்துவிட்டது. ஒருத்தன் எறிந்தான், ஒருத்தன் பிடித்தான், பொத்தென்று விழுந்தான். விசில்.

"எப்போ தெரியும்?"

"மூணு வாரமா."

"மூணு வாரமா வாயில என்ன கொழுக்கட்டையா?"

மறுபடி ஓடினார்கள். மறுபடி விசில்.

"சொல்ல வந்தேன்மா. நீ கை காட்டினே."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் பயமா இருந்துச்சு."

மாப்பிள்ளை மெதுவாக, "ரெண்டு பேரும் போறோம் அத்தை. அங்கேயே நான் கிளினிக் பார்த்துட்டேன். நீங்களும் வாங்களேன்" என்றார். கிளினிக் பார்க்கும் அளவுக்குப் போயாயிற்று. எல்லாம் இந்த சோபாவில், இந்தப் பாழாய்ப்போன இடைவெளிகளில் பேசி முடிவு பண்ணியிருக்கிறார்கள். வீட்டுக்காரி நான், எனக்குத்தான் கடைசியில் தெரிகிறது.

அக்டோபர் 30, திங்கள்

கை காட்டினேனாம்! கடைசிப் பத்து நிமிஷம், ஜீரோ-ஜீரோ. எவதான் கை காட்ட மாட்டா? ஆட்டம் முடிஞ்சு சொல்லியிருந்தா நான் என்ன கடிச்சா குதறியிருப்பேன்?

கூடப் போக முடியாது. எனக்கு இன்னும் மூன்று வருஷம் வேலை இருக்கிறது. அவர்கள் வீட்டில் போய் விருந்தாளி மாதிரி உட்கார்ந்து, அந்தக் கண்றாவியை ஞாயிறு தோறும் பார்ப்பதா? மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 18, சனி

போய்விட்டார்கள். லாரி தெருமுனை திரும்பும்வரை நின்றேன். சோபா முழுக்க எனக்குத்தான் இப்போது. ரிமோட்டும்.

நவம்பர் 25, சனி

நம்ம ஆட்டம் பாதியில் இருக்கும்போது மகள் ஃபோன் பண்ணினாள். "மேட்ச் ஓடுதும்மா" என்றேன். பழக்க தோஷம். "சரிம்மா, பாரு, வெச்சிடறேன்" என்றாள். வைத்தே விட்டாள்.

ஜீரோ-ஜீரோவில் முடிந்தது. அடிவயிறு பிசையவில்லை. ஒன்றுமே ஆகவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் கூப்பிட்டால் மாப்பிள்ளைதான் எடுத்தார், அவள் தூங்கப் போய்விட்டாளாம்.

நவம்பர் 26, ஞாயிறு

அந்த ஆட்டத்தைப் போட்டேன். கொஞ்சமாவது திருந்தியிருக்கிறதா என்று பார்க்கத்தான். திருந்தவில்லை. அதே முட்டை, அதே மாநாடு. நடுவர் திடீரென்று இடுப்பிலிருந்து ஒரு மஞ்சள் துணியை உருவித் தரையில் வீசினார். ஏன் என்று தெரியாமல் மண்டை குடைந்தது. மாப்பிள்ளைக்கு ஃபோன் போட்டேன்.

"அத்தை! நீங்களா பார்க்கறீங்க?"

"யார் பார்க்கறா? சேனல் மாத்தும்போது வந்துச்சு. எதுக்கு அந்தாளு துணியை வீசறாரு?"

தப்பாட்டமாம். விசில் ஊதினால் போதாதோ? அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஃபோன் மகள் கைக்குப் போய்விட்டது. அங்கேயும் அதே ஆட்டம்தான் ஓடியது. ஸ்பீக்கரில் போட்டு என் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

பந்து நிற்கும்போதெல்லாம் பேசினாள். சமையலறையில் குழாய் சரியில்லையாம். புது ஆபீஸில் யாரும் சாப்பிடக் கூப்பிடுவதில்லையாம், தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாளாம். அதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. பந்து ஓடும்போது மூக்கைச் சிந்திக்கொண்டாள், நின்றதும் மறுபடி சொன்னாள். நானும் சொன்னேன், ராத்திரி சமைப்பதில்லை, பழம்தான் என்று. திட்டினாள். திட்டட்டும்.

இருட்டிவிட்டது. எழுந்து விளக்குப் போடவில்லை. கடிகாரம் நொடி நொடியாகக் குறைந்து பூஜ்யத்துக்கு வந்தது. சரி, வைக்க வேண்டியதுதான் என்று ஃபோனைக் கையில் எடுத்துவிட்டேன்.

"இருங்க அத்தை" என்று பின்னாலிருந்து மாப்பிள்ளை கத்தினார். "ரெண்டு டீமும் சமம். கூடுதல் நேரம் குடுப்பாங்க."

இத்தனை மாதத்தில் அந்த ஆட்டத்தில் எவனோ எடுத்த ஒரே உருப்படியான முடிவு.