மொட்டை ரோஜா சீர்

அக்டோபர் 1, ஆயுதபூஜை

புத்தூருக்குத் தெற்கே ஒரு ரோஜா சாம்ராஜ்யம் உண்டு. தலைநகரம், பிளாஸ்டிக் கூரை போட்ட ஒரு பாலிஹவுஸ். சக்கரவர்த்தி, ஆதிநாராயணனாகிய நான். இன்று பம்பு, கதவு, தூண் எல்லாவற்றுக்கும் செண்டுமல்லி மாலை. ஏழுமலையானே எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டிருப்பார்.

அக்கா மகள் மோகனப்ரியாவுக்கு அடுத்த மாதம் விஜயபுரத்தில் கல்யாணம். தாய்மாமன் சீராக, மாப்பிள்ளை ஊரில் வீட்டுக்கு ஒரு ரோஜாத் தொட்டி என்று நிச்சயதார்த்தத்தில் மைக் பிடித்து அறிவித்தவன் நான். பூத்துக் குலுங்கும் தொட்டி!

அக்டோபர் 16

மாலைகள் காய்ந்து தொங்குகின்றன. பூஜைக்குப் போட்டது தானாய் உதிர வேண்டும், கையால் கழற்றக்கூடாது. எங்கள் வீட்டு வழக்கம்.

அக்டோபர் 24

கதவோரச் செடிகளின் இலையெல்லாம் ஊசி குத்தினாற்போல் வெளிறிய புள்ளி. அலர்மேல்மங்கை, என் பட்டத்து ராணி, இலையைத் திருப்பிப் பூதக்கண்ணாடி வைத்தாள்.

"செம்பேன். நூல் கட்டிக்கினு குடித்தனம் நடத்துது பாருங்க."

"என் ராஜ்யத்திலா?"

"உங்க மாலையிலதான் வந்துருக்கு, மகாராஜா. பூ காஞ்சிப்போச்சி. பச்சை தேடி எறங்கிடுச்சி."

மாலைகளைக் கழற்றி எரித்தோம். சாமி மன்னிக்கட்டும்.

அக்டோபர் 27

வெள்ளை ஈக்கு வைத்திருந்த மருந்தை அடித்தேன். எதிரிப்படை நிர்மூலம்!

நவம்பர் 2

நிர்மூலம் இல்லை. இரண்டு பங்காகப் பெருகிவிட்டது. தோட்டக்கலை படித்த ப்ரியாவிடம் போனில் அழுதேன்.

"அது பூச்சியே இல்ல மாமா. எட்டு காலு, சிலந்தி ஜாதி. நீ அடிச்ச மருந்துல அதத் துன்ற நல்ல பூச்சிங்கதான் செத்துருக்கும். இலைக்கு அடியில தண்ணி பீச்சு, வேப்பெண்ணெய் அடி."

நவம்பர் 15

பீய்ச்சிப் பீய்ச்சிக் கங்கையே வற்றியிருக்கும். குறைந்திருக்கிறது, ஒழியவில்லை. பூக்களோ, ஐயோ, என்ன அழகு! தூர நின்றால் ஒன்றும் தெரியாது. அப்படியே கொடுத்துவிட்டால்?

விஜயபுரத்தில் மாப்பிள்ளையின் அப்பா நாகையாவுக்குப் பிழைப்பே கத்தரித் தோட்டம். செம்பேனுக்குக் கத்தரி என்றால் கல்யாண விருந்து. அந்த வீட்டில்தானே ப்ரியா வாழணும்? வெறுங்கையோட போய் நின்னா என் மானம்? இன்னாடா ஆதி பண்ணப்போற?

நவம்பர் 19

வெட்டிவிட்டேன். பூ, மொட்டு, இலை - ஒன்று விடாமல். எல்லாவற்றையும் குழியில் போட்டுக் கொளுத்தி, குச்சிகளைக் கழுவி வெளிக்கொட்டகையில் வைத்தாயிற்று. எது சிவப்பு, எது மஞ்சள் என்று படைத்த எனக்கே தெரியவில்லை.

சாப்பிடப் பிடிக்கவில்லை.

நவம்பர் 23

கல்யாணம். தொட்டிகளைப் பார்த்துப் பந்தலே சிரித்தது.

"இன்னா சம்பந்தி, பூச்செடின்னீங்க. முள்ளுக்குச்சியா தரீங்க?" என்றார் நாகையா.

மைக்கைப் பிடித்தேன். "திருப்பதி போய் மொட்டை போட்டுக்கினு நேரா இங்க வந்துருக்குங்க!" இன்னும் சிரிப்பு. அப்புறம் உண்மையையும் சொன்னேன்: செம்பேன் வந்தது, உங்க கத்தரிக்கு ஆவாது, அதான்.

நாகையா சிரிப்பதை நிறுத்தினார். மேடையேறி வந்து, முதல் தொட்டியை அவரே வாங்கி, பட்டு வேட்டியில் மண் படுவதையும் பார்க்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

ஜனவரி 11

ப்ரியா போன். "கத்தரி சுத்தமா இருக்கு மாமா. எதிர்வீட்டு ரோஜா நேத்து மஞ்சளா பூத்துடுச்சி. எங்களுது மொட்டுதான். இன்னா கலருன்னு தெருவே பந்தயம் கட்டிக்கினு உக்காந்துருக்கு."

"உன் மாமனார் எது மேல கட்டினாரு?"

"வெள்ளைதான்னு ஒரே பிடிவாதம்."

வெள்ளை ரோஜா என் சாம்ராஜ்யத்திலேயே கிடையாது. நான் சொல்லவில்லை.