ஓட்டுநர் பக்கக் கதவில் ஒரு கீறல்

இந்த டிச் பட்டன் திங்கட்கிழமைதான் என் கைக்குக் கிடைத்தது. காரை பாலிஷ் போடக் கொடுப்பதற்கு முன்னால் உள்ளே இருக்கும் சாமான்களை எல்லாம் எடுத்துவிடச் சொல்லியிருந்தார்கள். ஒரு பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சிவன்மலை விபூதிப் பொட்டலம் இரண்டு, மூடி இல்லாத பேனா ஒன்று, எனக்குத் தெரியாமல் நீங்கள் தின்ற கடலை மிட்டாயின் காகிதங்கள். சர்க்கரை வியாதியை வைத்துக்கொண்டு செய்கிற காரியமா இது? அன்றைக்கே பார்த்திருந்தால் பெரிய சண்டை நடந்திருக்கும். இப்போது காகிதங்களை நீவி, மடித்துப் பைக்குள் வைத்தேன்.

கியருக்குப் பக்கத்தில் சில்லறை போடுகிற குழியில், வெள்ளைப் பனியன் துணியில் முடிந்து வைத்த ஏதோ ஒன்று கிடந்தது. அவிழ்த்தால் இந்தப் பட்டன். கைக்குழந்தைச் சட்டையில் கால் பக்கம் வைத்து அழுத்தி மூடுவோமே, அந்த உலோகப் பட்டனில் ஒரு பாதி. அதன் பின்பக்கத்துப் பற்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையில் நாள் முழுக்க இதே பட்டனை இழுத்து இழுத்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. அது உங்கள் காருக்குள் எப்படி வந்தது, அதை எதற்காக இவ்வளவு பத்திரமாக முடிந்து வைத்தீர்கள் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

உங்களுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். நீங்கள் போய் ஐந்தாம் மாதம் பிறந்தாள். மூக்கு உங்கள் மூக்கு. குளிப்பாட்டும்போதெல்லாம் அதை நீவிவிட்டுக்கொண்டே, பார்க்க நீங்கள் இல்லையே என்று நினைத்துக்கொள்வேன். மூன்று மாதம் நம் வீட்டில் இருந்துவிட்டு, மகள் வெள்ளிக்கிழமை குழந்தையோடு தாராபுரத்துக்குத் திரும்புவதாக இருந்தது. மாப்பிள்ளையிடம் பைக் மட்டும்தான். காரை நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள் என்று நான்தான் சொன்னேன். எனக்குத்தான் ஓட்டத் தெரியாதே. "கத்துக்க அம்மிணி, ஒரு வாரத்துல வந்துரும்" என்று நீங்கள் எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள். "நீங்க இருக்கறப்ப எனக்கு எதுக்குங்க?" என்று ஒவ்வொரு தடவையும் நான் சொன்னேன். கெட்டிக்காரத்தனமான பதில் என்று நினைப்பு வேறு.

கார் போவது எனக்குச் சம்மதம்தான். பாலிஷ்தான் பயமாக இருந்தது. "மேலெல்லாம் கோடு கோடா இருக்குதும்மா, ஒரு தடவ பாலிஷ் போட்டுட்டா புதுசாட்டம் ஆயிரும்" என்று மகள் சொன்னாள். அந்தக் கோடுகள் எல்லாம் உங்கள் கை போட்டவை. வேறு எதிலும் உங்கள் கை இவ்வளவு தெளிவாகப் பதிந்து கிடக்கவில்லை.

ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய காரைத்தான் வாங்கினோம். கருநீலம். அந்த நிறத்தில் தூசி பளிச்சென்று தெரியும் என்று எல்லோரும் சொன்னார்கள். "தெரிஞ்சாத்தானுங்க தொடைக்க முடியும்" என்று சொல்லிவிட்டு வாங்கி வந்தீர்கள். அன்றிலிருந்து தினமும் காலையில் கால் மணி நேரம் நீங்கள் காருக்குச் சொந்தம். சனிக்கிழமை தோறும் கம்பெனியில் சூப்பர்வைசரிடம் கேட்டுவிட்டு, வேஸ்ட் மூட்டையிலிருந்து வெள்ளைப் பருத்தித் துண்டுகளாகப் பொறுக்கிக்கொண்டு வருவேன். கழித்துப்போட்ட குழந்தைச் சட்டைகள்தான். தையல் உறுத்தக் கூடாது என்று ஓரத்தை எல்லாம் வெட்டி எடுத்து, பட்டன் இருந்தால் பிய்த்துப் போட்டு, ஒவ்வொரு துண்டாகத் தடவிப் பார்த்துத் தருவேன். நீங்கள் அதை உதறிவிட்டு, தண்ணீர்கூடத் தொடாமல், ராத்திரி படிந்த தூசியோடு சேர்த்து வட்டம் வட்டமாகத் துடைப்பீர்கள். வேலம்பாளையத்தில் நம் வீதி முழுக்க அப்படித்தான் துடைப்பார்கள். பனியன் துணிக்குப் பஞ்சமில்லாத ஊரில் வேறு எப்படித் துடைக்கத் தோன்றும்? பிறகு என்னைக் கம்பெனி வாசலில் இறக்கிவிட்டுவிட்டு துணி வெட்டும் வேலைக்கு உங்கள் கட்டிங் ஷெட்டுக்குப் போவீர்கள். கார் வளைவில் திரும்பும்வரை நான் கேட்டுக்குள் போகமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியுமா?

ஒன்றை உங்களிடம் சொன்னதே இல்லை. முதல் வருடம் சிவன்மலைக்குப் போனோமே, அன்றைக்கு உச்சி வெயில். அடிவாரத்தில் நிறுத்திவிட்டு, வழியில் படிந்த தூசி போகட்டும் என்று நீங்கள் முன்பக்கத்தைத் துடைத்தீர்கள். எனக்குத் துணியில் ஊசி போன தடம், எண்ணெய்ப் பொட்டு, மயிரிழை அளவு ஓட்டை எல்லாம் கண்ணில் படும். அன்று வெயிலில் உங்கள் கார் முழுக்கச் சிலந்தி வலை பின்னியதுபோல் மெல்லிய வட்டக் கோடுகள் கண்ணில் பட்டுவிட்டன. துடைத்துத் துடைத்துத்தான் இப்படி ஆகிறது என்றும் தெரிந்தது. வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் நீங்கள் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, "எப்படி அம்மிணி, கண்ணாடியாட்டம் இருக்குதா?" என்று கேட்டீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்தேன். "இருக்குதுங்க" என்று சொன்னேன். குறை சொல்வதற்கே சம்பளம் வாங்குகிறவள், என் வாழ்நாளில் பாஸ் போட்டு அனுப்பிய ஒரே டேமேஜ் பீஸ் அதுதான்.

அதற்குப் பிறகு ஒரு சாயந்திரம் ஓட்டுநர் பக்கக் கதவில் ஒரு முழ நீளத்துக்கு வெள்ளையாக ஒரு கீறல் இருந்தது. நான் பதறினேன். "ஷெட்டு வாசல்ல நிறுத்தியிருந்தனா, எவனோ சைக்கிள்ல ஒரசிட்டுப் போயிட்டான்" என்று நீங்கள் சாவதானமாகச் சொன்னீர்கள். முகம் தெரியாத அந்த ஆளை ஒரு வாரம் திட்டினேன். நீங்கள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "உடு அம்மிணி, பாவம், அவனுக்கு என்ன அவசரமோ" என்று அவனுக்குப் பரிந்து பேசினீர்கள். இவ்வளவு நல்ல மனுஷனாக இருக்கிறாரே என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

செவ்வாய்க்கிழமை காரை மாப்பிள்ளை ஓட்ட, நானும் பாலிஷ் கடைக்குப் போனேன். காரையும் என்னையும் அங்கே விட்டுவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். கடைக்காரத் தம்பி காரை நுரை போட்டுக் கழுவி, முன்பக்கத்து நடுவில் டேப் ஒட்டி, ஒரு பாதியில் மட்டும் மருந்தைத் தடவி மெஷினை வைத்துத் தேய்த்தார். துடைத்துவிட்டு விளக்கைப் பிடித்தார். ஒரு பக்கம் கிணற்றுத் தண்ணீர் மாதிரி கருநீலம். மறு பக்கம் உங்கள் வட்டங்கள். டேப்புக்கு அந்தப் பக்கம் நீங்கள் துடைத்த ஒரு நாள் காலைகூட மிச்சமில்லை.

"நிறுத்துங்க தம்பி, போதும்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். எதையாவது சொல்லவேண்டுமே என்று, "எங்க ஊட்டுக்காரரு இருந்தவரைக்கும் வட்டமாத்தான் தொடைப்பாருங்க. அப்படியே தெரியுது பாருங்க" என்றேன்.

"எப்படித் தொடைச்சாலும் வட்டமாத்தானுங்கக்கா தெரியும். கோடு நாலா பக்கமும் கெடக்கும். வெளிச்சம் எங்க விழுகுதோ அதச் சுத்தி வட்டமாட்டம் காட்டும்" என்று சொல்லி விளக்கை நகர்த்தினார். வட்டமும் கூடவே நகர்ந்தது. நான் இந்தப் பக்கம் வந்தால் இந்தப் பக்கம் வந்தது. பிறகு அவர் மெஷினைக் கீழே வைத்தார். "இந்தக் கதவுக் கீறல எனக்குத் தெரியுமுங்க. அண்ணன் சொல்லக் கூடாதுன்னாரு. இப்பச் சொன்னாத் தப்பில்லீன்னு நெனைக்கறனுங்க."

நீங்கள் அந்தக் கடைக்கு வந்திருக்கிறீர்கள். கதவில் கீறல் விழுந்த அன்று காலையிலேயே, மறு பக்கத்தில் ஏறிய என் கண்ணில் படாமல் என்னை இறக்கிவிட்ட கையோடு, இந்தப் பட்டனைக் கையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். நான் தடவிப் பார்த்துக் கொடுத்த துண்டில், மடிப்புக்குள் ஒன்று மாட்டிக்கொண்டிருந்திருக்கிறது. என் கைக்குத் தப்பியது உங்கள் கதவில் போய்ப் பதிந்திருக்கிறது. நான் வருவதற்குள் அந்தக் கீறலை எடுத்துவிட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

"முடியாதுன்னு சொன்னனுங்க. மத்த கோடெல்லாம் மேல்பூச்சோட நின்னுருச்சு. சுத்தியிருக்கற பூச்ச அதே ஆழத்துக்குத் தேச்செடுத்தா மறைஞ்சுரும். இது பெயிண்ட்டத் தாண்டிப் போயிருச்சு. அப்படியே, காஞ்ச துணியில தொடைக்காதீங்கண்ணா, அதனாலதான் காரெல்லாம் கோடுன்னும் சொன்னேன். கார் தொடைக்கறதுக்குன்னே இருக்கற மெத்துமெத்துத் துணி ரெண்டு எடுத்துக் குடுத்தேன். வேண்டாம்னுட்டாரு."

"ஏனுங்க தம்பி?"

"'எங்க ஊட்ல ஒவ்வொரு துண்டா தடவிப் பாத்துக் கொண்டாந்து தருது. அதைய உட்டுட்டு வேற துணியில தொடைச்சா என்னமோன்னு நெனைக்கும். கோடு இருந்தா இருந்துட்டுப் போகுது'ன்னாரு. பட்டன் சங்கதியும் தெரியக் கூடாதுன்னாரு. 'அவ தொழிலே குத்தம் பாக்கறது. அவ கையில ஒண்ணு தப்பிருச்சுன்னு தெரிஞ்சா ஒரு வாரம் சோறு எறங்காது'ன்னாரு."

அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வாரம் சோறு இறங்காது என்று என்னை எவ்வளவு சரியாகக் கணித்து வைத்திருக்கிறீர்கள். அத்தனை வருடமும் தினமும் காலையில் நாம் இருவரும் ஒரே கோடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறோம். நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று நான் சொல்லவில்லை. நான் வருத்தப்படுவேன் என்று நீங்கள் சொல்லவில்லை. கார் பாவம், நடுவில் மாட்டிக்கொண்டு கீறல் பட்டது. சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. அந்தத் தம்பி ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"முழுசாப் போட்டுருங்க" என்றேன். "கதவுல இருக்கறது?" என்றார். "அது இருக்கட்டுமுங்க."

இன்று வெள்ளிக்கிழமை. காலையில் கார் வாசலில் நின்றது. நம் வீட்டு முகப்பும் எதிர்வீட்டு முருங்கை மரமும் அதில் அப்படியே தெரிந்தன. பழக்கதோஷத்தில் வெள்ளைத் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போனவள், பாதி வழியில் திரும்பி வந்து பாலிஷ் கடையில் கொடுத்த மெத்துமெத்துத் துணியை எடுத்தேன். துடைக்கக் காரில் தூசியே இல்லை. இருந்தாலும் கால் மணி நேரம் துடைத்தேன். "ஏனுங்க, கண்ணாடியாட்டம் இருக்குதுங்களா?" என்று வாய்க்குள் கேட்டுக்கொண்டேன். உங்களிடமிருந்து பதில் கேட்க வேண்டும்போல் இருந்தது, அவ்வளவுதான். ஒரே ஒரு தடவை, பொய்யாகவாவது.

மாப்பிள்ளை பைகளை ஏற்றினார். மகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, ஓட்டுநர் பக்கக் கதவுக்கு முன்னால் நின்றாள்.

"ஏம்மா, எல்லாம் போயிருச்சு, இது மட்டும் போகலியா? இது எப்படி ஆச்சு?"

குழந்தை போட்டிருந்த சட்டையில் வரிசையாக மூன்று டிச் பட்டன்கள் இருந்தன. நான் அவற்றை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். எல்லாம் உறுதியாக இருந்தன.

"அதா கண்ணு? உங்கப்பா ஷெட்டு வாசல்ல நிறுத்தியிருந்தாரு. எவனோ சைக்கிள்ல ஒரசிட்டுப் போயிட்டான்."

"யாரும்மா அது, கண்ணு தெரியாம?"

"உடு கண்ணு, பாவம். அவனுக்கு என்ன அவசரமோ."

அவள் நம்பிவிட்டாள், அன்றைக்கு நான் நம்பியதைப் போலவே. கார் வளைவில் திரும்பும்வரை வாசலிலேயே நின்றேன். பட்டன் என் உள்ளங்கைக்குள் இருந்தது. இப்போதும் இருக்கிறது.