லாபம், ரெண்டு, மூணு

அன்பு மகள் சுபஸ்ரீக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, அண்ணன், அண்ணி, பிள்ளைகள் எல்லாரும் உடம்பளவில் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் காய்கிற தேசத்தில் நோய் நொடி இல்லாமல் இருக்கக் கடவுள் துணை இருக்கட்டும். உன் மகள் தன்யா நன்றாகச் சாப்பிடுகிறாள், பள்ளிக்கூடம் போகிறாள், முன்பல் விழுந்து சிரித்தால் பார்க்க வேடிக்கையாக இருக்கிறது. அவள் நன்றாக இருக்கிறாள் என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள், பிறகு மேலே படி. இதைப் போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் நம் வீட்டில் போன் என்றாலே ஸ்பீக்கர், நீ ஹலோ சொன்னதும் ஆறு தலை வந்து நிற்கிறது, நான் பாதி சொல்வதற்குள் நீயும் அலறிவிடுவாய். மாடி அறையில் குடியிருக்கிற முத்துச்செல்வியின் அண்ணன் பேச்சிராஜ் நாளைக்குக் குவைத்துக்குப் புறப்படுகிறான், அவனிடம் பருப்புப் பொடி, மோர்மிளகாய் கொடுத்து, அதற்கு அடியில் இதையும் வைத்து அனுப்புகிறேன். டூட்டி முடிந்து அறைக்குப் போய் உட்கார்ந்து படி.

போன மாதம் முத்தாலம்மன் மலைக்குப் போனோமே, நீ கூட போட்டோ பார்த்துவிட்டு எல்லாரும் அழகாக இருக்கிறீர்கள் என்று சொன்னாய். அது காலையில் அடிவாரத்தில் எடுத்த போட்டோ. இறங்கி வந்த பிறகு யாரும் போட்டோ எடுக்கவில்லை, ஏன் என்று நீயும் கேட்கவில்லை. தன்யா கைக்குழந்தையாக ஜன்னி வந்து கிடந்தபோது அப்பா வேண்டிக்கொண்டது உனக்கு நினைவிருக்கும், பிள்ளை பிழைத்தால் அவள் காலாலேயே மலை ஏறி வந்து விளக்கு ஏற்றுவாள் என்று. அதற்காகத்தான் அண்ணன் குடும்பம், சித்தப்பா குடும்பம், சித்தப்பாவின் பெண்கள் குடும்பம் என்று ஒரு வேன் அடைத்துக்கொண்டு போனோம். பிள்ளைகள் மட்டும் எட்டுப் பேர். அது சும்மா படிக்கட்டு வைத்த மலை இல்லையம்மா. பாதி தூரம் வரைக்கும்தான் படி, நடுவில் ஒரு மண்டபம், அதற்கு மேலே பாறையில் இரும்புக் கம்பி அடித்துச் சங்கிலி போட்டிருக்கிறார்கள், அதைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். மலையின் பின்பக்கம் கல்குவாரிக்காரன் வெட்டி எடுத்துவிட்டுப் போன பள்ளம், கம்பியும் கிடையாது வேலியும் கிடையாது. நண்டும் சிண்டுமாக இத்தனை பிள்ளைகளை ஏற்ற வேண்டாம், பெரியவர்கள் மட்டும் போய் வரட்டும் என்று வேன் புறப்படும்போதே சொன்னேன். நல்ல காரியத்துக்குப் போகும்போது வாயை வைக்காதே என்று உன் அப்பா என்னை அடக்கிவிட்டார்.

உன் அண்ணன் ஸ்ரீதரைத்தான் தெரியுமே, ஒரகடம் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர் ஆனதிலிருந்து மூன்று பேர் சேர்ந்து டீ குடித்தாலும் அவனுக்கு வரிசை நிற்க வேண்டும். பிள்ளைகளை உயரப்படி நிறுத்தி ஆளுக்கு ஒரு நம்பர் கொடுத்தான். அவன் மகள் ஓவியா ஒன்று, கடைசியில் நம் தன்யா எட்டு. நிற்கிற இடத்தில் எல்லாம் முன்னால் இருந்து பின்னால் வரைக்கும் நம்பர் சொல்லிக்கொண்டு வர வேண்டும், எட்டு என்று கேட்டால்தான் நகர வேண்டும். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்ல மாட்டேன். உன் அப்பாதான் ஒண்ணு என்று ஆரம்பிக்காதீங்க, லாபம் என்று சொல்லுங்க என்றார். நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒண்ணு என்று சொல்லாமல் லாபம் என்பாரே, அதே பழக்கம். நிலத்தைக் கம்பெனிக்குக் கொடுத்து எவ்வளவோ காலம் ஆகியும் கடையில் தேங்காய் எண்ணினால் கூட லாபம்தான். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாக இருந்தது. ஓவியா லாபம் என்று கத்த, அடுத்தது ரெண்டு, மூணு என்று சொல்லிக்கொண்டே ஏறினார்கள். என் முட்டி ஒத்துழைக்காததால் நான் அடிவாரத்தில் வேனுக்குப் பக்கத்திலேயே சாப்பாட்டுப் பொட்டலங்களோடு இருந்துவிட்டேன், அந்தச் சத்தம் கொஞ்ச தூரம் வரைக்கும் எனக்குக் கேட்டது. அப்புறம் காற்று மட்டும்தான்.

மேலே சங்கிலி இடத்தில் தன்யாவுக்குக் கம்பி எட்டவில்லை. அண்ணன் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினான், விளக்கும் ஏற்றினார்கள். இறங்கும்போது பாறைச் சூட்டில் பிள்ளைகள் சோர்ந்துவிட்டார்கள். அண்ணன் சித்தியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு முன்னால் போய்விட்டான், பிள்ளைகள் உன் அப்பாவின் பொறுப்பில் வந்தார்கள். மண்டபத்துக்குக் கொஞ்சம் மேலே தன்யா ஒன்றுக்குப் போக ஒரு பாறைக்குப் பின்னால் ஒதுங்கியிருக்கிறாள், யாரிடமும் சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்து அப்பா நம்பர் சொல்லச் சொன்னார். சொல்லச் சொன்னவர் சும்மா இருக்காமல், பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுப்பதாக நினைத்து அவரே லாபம் என்று குரல் கொடுத்துவிட்டார். லாபம்தான் தாத்தா சொல்லிவிட்டாரே என்று ஓவியா ரெண்டு என்றாள். ரெண்டு சொல்ல வேண்டியவன் மூணு என்றான். அப்படியே ஒவ்வொருவரும் ஒன்று தள்ளிச் சொல்லி, ஏழாவதாக நின்ற பையன் எட்டு என்று முடித்தான். கணக்கு சரியாக வந்துவிட்டது. எல்லாரும் இறங்கி வந்துவிட்டார்கள்.

வேனுக்கு வந்ததும் சின்னதுகள் சில பின் சீட்டில் சரிந்து தூங்கிவிட்டன. தன்யாவும் அதில் கிடக்கிறாள் என்றுதான் நானும் நினைத்தேன், எட்டிப் பார்க்கவில்லை. உன் அண்ணி காந்திமதி பொட்டலத்தைக் கொடுத்துக்கொண்டு வந்தவள் ஒன்று மிச்சம் இருக்கிறதே, யாருக்காவது வரவில்லையா என்று கேட்டாள். பிள்ளைகள் கணக்கு சரியாக இருக்கிறது, நீதான் கூட ஒன்று கட்டிவிட்டாய் என்று சொல்லி அந்தத் தயிர்சோற்றையும் உன் அப்பாவே பிரித்துச் சாப்பிட்டார். சுபா, அவர் சாப்பிடுவதை நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், தண்ணீர் கூட எடுத்துக் கொடுத்தேன். இப்போது சோற்றில் கை வைத்தால் அதுதான் ஞாபகம் வருகிறது. வண்டியைக் கிளப்பிவிட்டார்கள். செருப்பு பார்த்துக்கொள்கிற அம்மா ஓடி வந்து கண்ணாடியைத் தட்டி, சின்னதாக ஒரு ஜோடி செருப்பைத் தூக்கிக் காட்டி இது உங்களுதா என்று கேட்டாள். நீ போன தடவை வாங்கி வந்த ரோஸ் செருப்பு.

அண்ணன் ஓடின ஓட்டத்தை நான் எழுத மாட்டேன். எனக்கு முட்டி வலி எங்கே போனதோ தெரியவில்லை, பாதிப் படி வரைக்கும் நானும் போய்விட்டேன், அதற்கு மேலே கால் வரவில்லை, அங்கேயே உட்கார்ந்து அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். வெயில் சாய்கிற நேரத்தில் அண்ணன் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தான். பாதை தெரியாமல் குவாரிப் பக்கம் இறங்கிப் போய்ப் பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாளாம், இன்னும் ரெண்டு எட்டு வைத்திருந்தால் அவ்வளவுதான் என்றான். பிள்ளை அழவே இல்லை. ஏன்டி கண்ணு, அவங்க நம்பர் சொன்னப்போ நீ ஒரு குரல் கொடுக்கக் கூடாதா என்று கேட்டேன். "என் நம்பர வேற யாரோ சொல்லிட்டாங்க ஆயா, அதான் நான் சொல்லல" என்றாள். அன்றிலிருந்து வகுப்பில் டீச்சர் பேர் கூப்பிட்டால் கூட அவள் பதில் சொல்வதில்லை, கையைப் பிடித்துத் தூக்கினால்தான் எழுந்து நிற்கிறாளாம்.

இதோடு போயிருந்தால் உனக்கு எழுதியே இருக்க மாட்டேன், நீ அங்கே தவிக்க வேண்டாம் என்று விட்டிருப்பேன். வருகிற பௌர்ணமிக்கு மறுபடியும் வேன் பேசியிருக்கிறார்கள். உன் அப்பா தான் எண்ணினது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளை அவள் காலால் ஏறவில்லை, மாமன் தோளில் ஏறினாள், அதனால்தான் அம்மன் பிடித்து உட்கார வைத்துவிட்டாள் என்கிறார். இந்தத் தடவை சங்கிலியில் அவளே ஏற வேண்டுமாம், யாரும் தொடக் கூடாதாம். எட்டுப் பிள்ளைகளும் அன்றைக்குப் போன மாதிரியே போக வேண்டுமாம். சரி, எண்ணுகிறதையாவது ஒழுங்காகச் செய்யுங்கள் என்றேன், "எண்றதே வாணாம், எண்ணினதுலதான் கண்ணு பட்டுச்சு" என்கிறார். அண்ணன் அன்றைக்கு முன்னால் போய்விட்ட குற்றத்தில் வாயைத் திறப்பதில்லை, ஓடி ஓடி ஓ.டி. பார்க்கிறான், வீட்டுக்கு வந்தால் தூங்குகிறான். காந்திமதி மட்டும் என் பக்கம், அவளும் மாமனார் முன்னால் பேச மாட்டாள். தன்யா பள்ளி விட்டு வந்ததும் மொட்டைமாடி இரும்பு ஏணியில் ஏறி ஏறி இறங்குகிறாள், உள்ளங்கை எல்லாம் கொப்புளம், எண்ணெய் போட்டுவிட்டால் மறுநாள் மறுபடியும் ஏறுகிறாள். உன் அப்பா கீழே நின்று பார்க்கிறார்.

நான் சொன்னால் இந்த வீட்டில் நிற்காது, நீ பெற்றவள், நீ சொன்னால் நிற்கும். நான் எழுதினேன் என்று சொல்லாதே, உனக்கே மனசு சரியில்லை, கனவு வந்தது என்று அண்ணனிடம் எதையாவது சொல்லு. பௌர்ணமிக்குள் நீ பேசாவிட்டால், வேன் வருகிற அன்றைக்கு அவர்கள் எழுந்திருப்பதற்கு முன்னால் தன்யாவைக் கூட்டிக்கொண்டு சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில் ஏறிவிடுவேன். துணிப்பை முத்துச்செல்வி அறையில் தயாராக இருக்கிறது. எங்கே போகிறேன் என்று உனக்கும் சொல்ல மாட்டேன், உன் அப்பா அழுதால் நீ சொல்லிவிடுவாய். இத்தனை வருஷத்தில் அவர் பேச்சை மீறி நான் வாசல் தாண்டினதில்லை, அதனால் யாரும் என்னைச் சந்தேகப்பட மாட்டார்கள்.

ராத்திரி டூட்டியைச் சேர்த்துப் பார்க்காதே, தண்ணீர் நிறையக் குடி, மாப்பிள்ளையோடு சண்டை போடாதே. நீங்கள் இரண்டு பேரும் எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே. அண்ணனிடம் பேசி முடித்ததும் போனைத் தன்யாவிடம் கொடுக்கச் சொல்லி, மலை ஏறாவிட்டாலும் அம்மா வருவேன் என்று உன் வாயால் அவளிடம் சொல்லு. அந்தச் சங்கிலியைப் பிடித்துத் தனியாக மேலே ஏறிவிட்டால் நீ ஊருக்கே திரும்பி வந்துவிடுவாய் என்று உன் அப்பா அவளிடம் சொல்லி வைத்திருக்கிறார்.

உன் நன்மையையே நினைத்திருக்கும்
அம்மா சசிகலா