முகம் காட்டா வணிகரிடம் கேட்ட தேரச்சு

மேகம் தவணை தவறாது பெய்க. குதிரைக்குக் கொள்ளும் குடிகளுக்குச் சோறும் குறையாதிருக்க.

வெண்ணாவல் நாடுடைய பெருங்கோவின் ஆணை தாங்கும் தேர்ச்சாலை அதிகாரி பூதன் ஏறன் விடுக்கும் ஓலை. கருங்கணவாய்க் கோட்டைத் தலைவர் கீரன் எயினனார் காண்க. உமது கோட்டையும் குடும்பமும், சென்ற ஆண்டு நொண்டிய உமது சாம்பல் குதிரையும் நலமென நம்புகிறோம். இங்கு யாவரும் நலம்; எமது முழங்கால் நீங்கலாக.

உமது கோட்டையில் தங்கியிருக்கும் இளவரசியார் நல்லினி, மணக்கோலத்தில் கணவாய் இறங்கி வரவிருக்கும் தேருக்கு, முத்தலைத் துறை ஏலச் சந்தையில் அச்சு ஒன்றை நீர் ஏலம் கேட்டிருப்பதாகவும், தச்சர் விலையில் பாதியே என்பதாகவும், எமது முத்திரை கிடைத்தால் முடித்துவிடலாம் என்பதாகவும் நீர் எழுதிய ஓலை வந்தது. இருமுறை படித்தோம். இரண்டாம் முறையும் அதையே சொல்லிற்று.

அச்சந்தையில் வணிகர் முகம் காட்டுவதில்லை. பண்டத்தைச் சீலையில் படமாக எழுதி ஊர்தோறும் அனுப்புவர். வேண்டுவோர் ஓலை வழியே விலை கூட்டுவர். பண்டம் பின்னர் படகில் வரும், அல்லது வராது. உமது வணிகனை முந்நூறு பேர் புகழ்ந்துள்ளனர் என்று அப்புகழோலைகளையும் கட்டி அனுப்பியிருந்தீர். யாவும் வாசித்தோம். இருநூற்றுத் தொண்ணூற்றாறு பேர் அவனிடம் வாங்கியது குதிரைச் சலங்கை. சலங்கை நன்கு ஒலிப்பதாக எழுதியிருக்கிறார்கள், எமக்கும் ஐயமில்லை. எஞ்சிய நால்வரே அச்சு வாங்கியவர். நால்வரும் வெவ்வேறு ஊரினர், ஆயினும் நால்வரும் ஒரே நாளில், ஒரே கையெழுத்தில் மகிழ்ந்திருக்கிறார்கள். சலங்கை அறுந்தால் ஓசை நிற்கும். அச்சு முறிந்தால் என்ன ஆகும் என்பதைக் கணவாயில் வாழும் உமக்கு யாம் சொல்ல வேண்டியதில்லை.

படச்சீலையையும் விரித்துப் பார்த்தோம். அச்சின் அருகே அளவுகோல் இல்லை. முனையிரண்டும் பூமாலையால் மூடப்பட்டுள்ளன. விற்கும் அச்சுக்கு மாலை சூட்டும் வழக்கத்தை யாம் எந்நாட்டிலும் கண்டதில்லை. தன்னிடம் தேர் இல்லாமையால் பூட்டிப் பார்க்கவில்லை என்றும், உள்ளதை உள்ளபடி கொள்ள வேண்டும் என்றும், திருப்பித் தந்தால் ஏற்பதில்லை என்றும் அடியில் பொடியெழுத்தில் எழுதியிருக்கிறான். தேரே இல்லாதவனிடம் தேரச்சு வந்தது எப்படி என்று நீர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

உம்மை மட்டும் குறை கூறவில்லை. பத்தாண்டுக்கு முன் யாமும் அதே சந்தையில், சக்கரம் கழலாது காக்கும் கடையாணி ஒன்றை மலிவென்று வாங்கினோம். இரும்பென்று எழுதியிருந்தது, வந்தது மை பூசிய மரம். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பர். எமது தேரோ அரைக் காதம் ஓடியது, ஓடியதே கேடாயிற்று. தேரோட்டி சேந்தன் அன்றே இறந்தான். எமக்கு முழங்கால் மட்டும் போயிற்று. அவன் மனைவியின் முன் போய் நின்ற அந்த வெட்கம் இன்னும் ஆறவில்லை.

தேருறுப்பு வாங்கியவரும், வாங்க முத்திரை இட்டவரும், அதைப் பூட்டிய தேரில் முதல் இறக்கம் இறங்க வேண்டும் என்னும் சட்டத்தை அதன் பின்னரே பெருங்கோவிடம் கேட்டுப் பெற்றோம். அது முதல் மலிவு அச்சு கேட்டு எமக்கு ஓலை வந்ததில்லை. உமதே முதலாவது. சட்டம் உமக்கு மறந்திருக்கும் என்றே கொள்கிறோம்.

ஆகவே ஆணை இது. உமது ஏலவோலையை முத்திரையின்றித் திருப்பியுள்ளோம், ஏலத்தினின்று விலகுக. இவ்வோலை கொணரும் வண்டியில் கருவேல அச்சு ஒன்று வருகிறது. எமது சாலைத் தச்சர் செய்தது. அழகில்லை, மாலையும் இல்லை. முந்தாநாள் அதைப் பூட்டி ஆனைச்சரிவில் யாமே இறங்கினோம். பிழைத்தோம் என்பதற்கு இவ்வோலையே சாட்சி. சக்கரக் குடத்தின் துளையைக் கோலால் அளந்து பூட்டுக. இளவரசியார் ஏறுமுன் நீரும் அதில் ஒருமுறை இறங்கி, இறங்கிய பின் எமக்கு எழுதுக. இறங்குமுன் எழுதும் ஓலை ஏற்கப்படாது.

தேர் தலைநகர் வாயிலைச் சேரும் வரை யாம் அங்கே நின்றுகொண்டிருப்போம். முழங்கால் நோகும், நோகட்டும்.

இது தேர்ச்சாலை முத்திரை. ஓலைக்கும் கருவேல அச்சுக்கும் இட்டது, வேறெதற்கும் அன்று.