கப்பல் டாக்டருக்கு நன்றி

அன்புள்ள கணவருக்கு,

உங்கள் மனைவி எழுதுவது. ஆராய்ச்சிக் கப்பலிலிருந்து நீங்கள் எழுதி அனுப்பி, இந்த மாதப் பத்திரிகையில் வந்த கடல் கட்டுரையின் அடியில், பொறுமையாகக் கேட்டு, புரியாத இடங்களைச் சுட்டிக்காட்டிய கப்பல் டாக்டருக்கு நன்றி என்று போட்டிருக்கிறீர்கள். கல்யாணமான வருடத்திலிருந்து நீங்கள் எழுதிய ஒவ்வொன்றையும் கேட்டு, புரியாத இடங்களைச் சொன்னவள் நான். எனக்கு ஒரு வரிகூடப் போட்டதில்லை. இது அநியாயம். இதை முதலில் எழுதினால்தான் மற்றதை எழுதக் கை ஓடும்.

வீட்டில் எல்லோரும் சுகம். சமையலறைக் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது, நானே வாஷர் மாற்றினேன். மகளுக்கு இருமல் குறைந்திருக்கிறது. கடிதம் எதற்கும்மா, போனில் அனுப்பு, உடனே போய்ச் சேரும் என்றாள். போனில் அனுப்பினால் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டுத் தப்பித்துவிடுவீர்கள். அடுத்த துறைமுகத்தில் கப்பலுக்குத் தபால் ஏற்றுவார்கள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அதனால் கடிதம்.

மகள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். மூக்கில் இருக்கிற கண்ணாடியை வீடு முழுக்கத் தேடுகிற மனுஷரைப் போய்ச் சந்தேகப்படுகிறாயே என்கிறாள். அந்தச் சந்தேகம் எனக்கில்லை. அந்த டாக்டரம்மா உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடட்டும், சீட்டு விளையாடட்டும். நீங்கள் படிக்க அவர் கேட்டார் பாருங்கள், அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளை மறந்துவிட்டீர்களா? பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு நீங்கள் படிப்பீர்கள். நான் திரும்பிப் பார்க்காமல் துலக்கிக்கொண்டிருப்பேன். கையிலிருப்பதைக் கீழே வைத்தால் புரியவில்லை என்று அர்த்தம். உடனே பேனாவால் அடிப்பீர்கள். "நீ கரண்டியை வெச்சா ஒரு வரி போகுது, குக்கரை வெச்சா ஒரு பக்கமே போகுது" என்று புலம்புவீர்கள். அந்த டாக்டரம்மா எதைக் கீழே வைக்கிறார்? ஸ்டெதஸ்கோப்பையா?

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். மகளின் பாடப் புத்தகங்களையும் நூலகத்தில் கிடைத்ததையும் நானாகவே படித்துத் தேறினேன். என்றாலும் உங்கள் கட்டுரைக்கு முன்னால் ஒன்றும் தெரியாதவளாகத்தான் நின்றேன். அதுதானே என் வேலை. கடல் சூடானால் அதன் மட்டம் உயரும் என்பதற்குப் பால் பொங்குவதை உதாரணம் சொன்னீர்கள். நான் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தேன். பால் பொங்குவது நுரையால், தண்ணீர் உப்பவில்லையே என்றேன். மூன்று நாள் கழித்து, மூடி வரை நிரப்பிய எண்ணெய் டின் வெயிலில் ஓரமாகக் கசிவதை எழுதினீர்கள். படித்தவர்கள் எல்லாம் அந்த டின்னைத்தான் பாராட்டினார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது. எனக்கு நன்றி போடவில்லையே என்று ஒருமுறை கேட்டதற்கு, வீட்டு ஆளுக்கு யாராவது நன்றி சொல்வார்களா என்றீர்கள். நானும் அதை ஒரு பெருமையாக இத்தனை காலம் வைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கட்டுரையை வாசற்கதவிலேயே நின்று படித்தேன். முதல் தடவையிலேயே எல்லாம் புரிந்தது. அதை எப்படித் தாங்கிக்கொள்வது என்றுதான் தெரியவில்லை. அன்றைக்குப் பார்த்துக் கீழ்வீட்டுத் தையல்காரர் வேறு மாடியேறி வந்து, "அண்ணி, இந்தத் தடவை சாருக்கு ரொம்பத் தெளிவா வந்திருக்கு, கப்பல் காத்து ஒத்துக்கிச்சு போல" என்றார். அவருடைய இஸ்திரிப் பெட்டியை நான் இரவல் வாங்கி நாளாகிறது, திருப்பிக் கொடுப்பதாக இல்லை.

அதிலும் மொட்டைமாடித் தரையை எழுதியிருக்கிறீர்கள். மத்தியானம் கால் வைக்க முடியாமல் சுடும் தரை, பொழுது சாய்ந்ததும் ஆறிவிடும், கடல் அப்படி ஆறாது என்று. அது யாருடைய மாடி? துணி உலர்த்த வெறுங்காலோடு நடந்தது யார்? என் பாதம் பட்ட சூட்டுக்கு டாக்டருக்கு நன்றி.

பிறகு நாற்காலியைப் பார்த்தபடி, கையில் தட்டை வைத்துக்கொண்டு, நானே உரக்கப் படித்தேன். ஓரிடத்தில் தட்டைக் கீழே வைத்தேன். வேண்டுமென்று வைக்கவில்லை, தானாக வந்தது. "கடலுக்கு ஞாபகம் உண்டு, போன கோடையை அது மறப்பதில்லை" என்கிறீர்கள். கேட்க அழகாக இருக்கிறது. டாக்டரம்மா தலையாட்டியிருப்பார். ஆனால் நீங்கள்தானே எனக்குச் சொன்னது? தண்ணீரைச் சூடாக்க நிறைய வெப்பம் வேண்டும். வாங்கிய வெப்பத்தை அலையும் காற்றும் கலக்கிக் கீழே இறக்கிவிடும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெயில் காலம் முடிந்து வெகுநாள் கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும், அது மழையிலும் புயலிலும் போய் நிற்கும். இதற்குப் பெயர் ஞாபகமா? உள்ளே வாங்கி அடியில் வைத்துக்கொள்வது. அது எப்படியிருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்த பயணத்துக்கும் உங்களைக் கூப்பிடுகிறார்கள் என்று போன கடிதத்தில் கடைசி வரியாக எழுதியிருந்தீர்கள். கடைசி வரியாக எழுதினால் நான் கவனிக்கமாட்டேன் என்று நினைத்தீர்களோ என்னவோ.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். மகள் இதைப் பிரித்துப் பார்க்காமல் தபாலில் சேர்க்க வேண்டும். பத்திரிகை ஆசிரியர் அடுத்த இதழில், கடலுக்கு ஞாபகமில்லை, ஆறுவதற்கு நாளாகும், அவ்வளவுதான் என்று திருத்தம் போட வேண்டும். என் பெயரைப் போடக் கூடாது. கேட்டு வாங்குகிற நன்றி எனக்கு வேண்டாம். டாக்டரம்மா உங்கள் ரத்த அழுத்தத்தையும் முழங்காலையும் பார்க்கட்டும், இரவு மாத்திரையை ஞாபகப்படுத்தட்டும். நீங்கள் காகிதத்தை எடுத்தால் வேறு நோயாளி இருப்பதாகச் சொல்லி எழுந்துவிட வேண்டும். நீங்கள் அடுத்த கட்டுரையைக் கப்பலிலேயே எழுதலாம், ஆனால் யாருக்கும் படித்துக் காட்டாமல் இங்கே கொண்டுவர வேண்டும். அடுத்த பயணத்துக்கு என்ன பதில் என்பதையும் இங்கே வந்துதான் சொல்ல வேண்டும். தொட்டிக்குப் பக்கத்து நாற்காலியை நான் நகர்த்தவில்லை, நகர்த்தவும் மாட்டேன். என் பங்குக்கு, எவ்வளவு புரிந்தாலும் ஒரு கரண்டியையாவது கீழே வைப்பேன்.

காற்றில் நிற்காதீர்கள். காதை மூடிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வீட்டு ஆள்