லயத்துக்கு வந்த குப்பை டிராக்டர்

ஜூலை 8
ஜெயந்தினி அக்காவின் நாயைச் சிறுத்தை தூக்கிவிட்டது. எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வரிசைக்குப் பின்னால், நாங்களெல்லாம் குப்பை கொட்டுகிற ஓடைப் பள்ளத்தில்தான். உருளைக்கிழங்குப் பாத்தியைச் சுற்றிப் பன்றிக்கு வைக்கிற கம்பிச் சுருக்கை அங்கேயும் வைக்கப்போகிறாராம் என் வீட்டுக்காரர். "மாட்டுனா சாவட்டும்." போன வருசம் பக்கத்துத் தோட்டத்தில் சுருக்கில் தொங்கிய சிறுத்தையை நான் பார்த்தேனே. ஐயோ, அந்தக் கண்ணு!

ஜூலை 9
குப்பைக்கு நாய் வருகிறது. நாய்க்குச் சிறுத்தை வருகிறது. குப்பை எடுப்பது யார் வேலை? பிரதேச சபை. சபையில் உறுப்பினர் யார்? நான்தான்! தலையில் அடித்துக்கொண்டேன். வீட்டுக்காரரிடம் ஒரு மாசம் தவணை வாங்கியிருக்கிறேன். அதுவரை பள்ளத்தில் சுருக்கு இல்லை.

ஜூலை 17
சபைக் கூட்டம். தவிசாளர் செல்லசாமி ஐயா கையை விரித்தார். "தோட்டத்து ரோட்டுல சபை டிராக்டர் எப்படிம்மா போகும்? தொரை விடணுமே."
"ஓட்டுக் கேக்க மட்டும் அதே ரோட்டுலதானே ஐயா வந்தீங்க?"
வாய் முந்திக்கொண்டது. எல்லாரும் சிரித்தார்கள், அவரும்தான். தோட்டத்து மேனேஜர் துரையிடம் தானே பேசுகிறாராம்.

ஆகஸ்ட் 5
டிராக்டர் வந்தது, வெறுமனே போனது. காலை ஒன்பது மணிக்கு லயத்தில் யார் இருப்பா? எல்லாரும் மலையில் கொழுந்து பறிக்கிறோம். வாசலில் வைத்த பைகளை நாய்கள் கிழித்துப் போட்டிருந்தன. அந்த நேரத்துக்குத் தலையாட்டியது நானேதான்! விடிந்தால் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓடுகிறவளுக்குப் புத்தி எங்க போச்சு?
"மெம்பரம்மா ஆட்சி நல்லா நடக்குது" என்கிறார் இவர். கொழுப்பு.

ஆகஸ்ட் 7
இன்று அந்திக் கொழுந்தை எடை போட்ட பிறகு டிராக்டர் வந்தது. வாளியோடு வரிசை கட்டி நின்றோம். பள்ளத்தையும் வாரிவிட்டோம். முதுகு போச்சு, மனசு நிறைஞ்சு போச்சு.

செப்டம்பர் 20
பள்ளத்தில் நாய்க்கூட்டம் இல்லை. சிறுத்தை மேலே காட்டோடு இருக்கிறதாம், இரண்டு குட்டிகளோடு. வனவிலங்கு அதிகாரி சொன்னார். இவரிடம் சொன்னேன். "ம்" என்றார்.

செப்டம்பர் 23
பாத்தியைச் சுற்றியிருந்த கம்பிச் சுருக்கையெல்லாம் சுருட்டி டிராக்டரில் போட்டுவிட்டார். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

அக்டோபர் 11
பன்றி இரண்டு பாத்தியைக் கிளறிவிட்டது. இவர் காட்டைப் பார்த்துக் கத்துகிறார்: "அடியே, புள்ளைங்களோட அங்க என்னதான் பண்ற? இந்தப் பன்னியப் புடிச்சித் தின்னக்கூடாதா?"