லோர்னாவின் பெயரில் ஒரு சுவர்க்கோழி

கான்பெரா,
4 மே 1987

அன்புள்ள லோர்னா,

நலந்தானே? ஆதர்டனில் மழை விட்டிருக்கும். இங்கே குளிர் வந்துவிட்டது, ஹீட்டர் வழக்கம்போல் முனகுகிறது.

ஒரு செய்தி. இறக்கையுள்ள கரகரப்புச் சுவர்க்கோழிகளுக்குப் புதிய பேரினம் ஒன்றை விவரித்து வெளியிட்டிருக்கிறேன். வாயிலிருந்து பட்டு நூல் இழுத்து இலையைத் தைத்து உள்ளே படுத்துக்கொள்ளுமே, உன் விரலைக்கூடக் கடித்ததே, அதேதான். நீ அருங்காட்சியகத்தில் விட்டுப்போன பெட்டிகளில் இருந்தவை. நம் விவாகரத்துக்குப் பிறகு அந்த வேலையை நீ கைவிட்டுவிட்டாய் என்று நினைத்தேன். உன்னிடம் நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

முதல் இனத்துக்கு உன் பெயரையே வைத்திருக்கிறேன். கோபமில்லையே?

என்றும் உன்,
டெஸ்மண்ட்

ஆதர்டன்,
15 மே

டெஸ்மண்ட்,

நான் எதையும் கைவிடவில்லை. பாதிப் படங்கள் வரைந்தாகிவிட்டது. ஒருவர் ஆராயும் பூச்சியில் இன்னொருவர் கைவைக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்பவன் நீ.

பெயர் வேறு வைத்தாயாம்! வைத்தவனின் குடும்பப் பெயரும் பின்னால் ஒட்டிக்கொள்ளும் என்று உனக்குத் தெரியாதா? லத்தீனில் என் பெயர், பின்னால் உன் பெயர்: 'லோர்னே ட்ரூவின்'. திருமதி ட்ரூவின் என்பதை வங்கியிலும் தபால் நிலையத்திலும் கழற்ற நான் பட்ட பாடு கொஞ்சமா? இனி யார் அந்தப் பூச்சியைப் பற்றி எழுதினாலும் உன் பெயரோடுதான் நிற்பேன்.

லோர்னா ஹாலம்

கான்பெரா,
24 மே

லோர்னா,

வெட்கமாக இருக்கிறது. பின்னால் என் பெயர் வரும் என்று தெரியும். தெரிந்துதான் வைத்தேன், உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

தேநீர் நேரத்தில், என்னோடு வேலை செய்யும் காலின் எல்லார் முன்னாலும் கேட்டான்: "பொண்டாட்டிதான் போயிட்டா, பெட்டியாவது மிஞ்சுச்சேன்னு அமுக்கிட்டியாடா?" நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

அச்சான பெயரை வைத்தவனே மாற்ற முடியாது. ஒரே வழிதான் உண்டு. அது ஏற்கெனவே தெரிந்த பழைய இனம்தான், நான் அவசரப்பட்டுவிட்டேன் என்று எழுதிவிடுகிறேன். அந்தப் பெயர் செல்லாமல் போய்விடும். என்னைப் பார்த்து எல்லாரும் சிரித்தாலும் பரவாயில்லை. சரியென்று ஒரு வரி எழுது.

டெஸ்மண்ட்

ஆதர்டன்,
3 ஜூன்

டெஸ்மண்ட்,

அப்படி எழுதாதே. குறை கண்டுபிடிக்கவே உன் கட்டுரையைப் படித்தேன். இறக்கை நரம்பு, தாடை, பின்கால் முட்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. அது புதிய இனம்தான். என்னைச் சமாதானப்படுத்துவதற்காக, இருக்கிற பூச்சியை இல்லை என்று சொல்லிவிடாதே.

என் பெட்டிகளை அனுப்பிவிடு. மீதி இனங்களை நான் விவரிக்கிறேன். அவை ஒவ்வொன்றின் பெயருக்கு முன்னாலும் நீ வைத்த பேரினப் பெயரை என் கையாலேயே எழுதியாக வேண்டும். உனக்கு எழுதுவதையாவது இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

லோர்னா ஹாலம்